கடலில் பாதுகாக்கப்பட்ட பகுதியை அறிவிப்பது எப்படி

கடலின் ஒரு பகுதியைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்க முனைவோர் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது வரைபடத்தைத்தான். அதைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, எதைக் காப்பதற்காக இந்த அறிவிப்பு என்பதை ஓரிரு வாக்கியங்களில் எழுதி முடிப்பதே முதல் வேலை. “கடல் வளத்தைப் பேணுதல்” என்று எழுதினால் அதிலிருந்து எந்த விதியும் பிறக்காது. “இந்தக் கடற்புல் படுகையின் பரப்பு குறையாமலும், அதில் மேயும் கடற்பசுக்கள் வலையில் சிக்கி இறவாமலும் பார்த்துக்கொள்ளுதல்” என்று எழுதினால், எந்த வலையைத் தடுக்க வேண்டும், ஆண்டுதோறும் எதை அளக்க வேண்டும் என்பவை அந்த வாக்கியத்திலேயே அடங்கிவிடுகின்றன.

அடுத்தது இடத்தைத் தேர்ந்தெடுப்பது. உயிரியல் பன்மய உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2008-இல் ஏற்றுக்கொண்ட ஏழு அளவுகோல்கள் இதற்கு நல்ல தொடக்கம்: தனித்தன்மை, உயிரினத்தின் வாழ்க்கைச் சுழற்சியில் அந்த இடத்துக்குள்ள பங்கு, அழிவின் விளிம்பிலுள்ள இனங்கள், எளிதில் சிதைந்து மெல்ல மீளும் தன்மை, உற்பத்தித் திறன், பன்மயம், இயற்கைத்தன்மை. பவளத்திட்டு போன்ற வாழிடம் ஓரிடத்திலேயே இருப்பதால் அதைச் சுற்றி எல்லை வகுப்பது எளிது. ஆமை, ஓங்கில் (டால்பின்) போன்றவை பெருந்தொலைவு உலவுவதால், அவை உலவும் பரப்பு முழுவதையும் அடைக்க முயலாமல், முட்டையிடும் கரை, மேயும் படுகை, குட்டி வளர்க்கும் விரிகுடா என அவை தவறாமல் திரும்பிவரும் இடங்களைத் தேர்வதே பயன் தரும். சான்றுக்கு விலங்கையே நேரில் காண வேண்டும் என்பதில்லை. கடற்பசு புல்லை வேரோடு பிடுங்கித் தின்பதால், படுகையின் நடுவே புல்லற்ற மணல் தடங்கள் குறுகலாக நீண்டு கிடக்கும். அவற்றை இடக்குறிப்புடன் பதிவு செய்தாலே அங்கு அது மேய்கிறது என்பதற்கு ஆதாரமாகும். அந்தத் தடங்கள் எங்கே உள்ளன என்பதை ஆய்வுக்குழுவுக்கு முன்பே மீனவர்கள் அறிந்திருப்பார்கள் என்பதால், அவர்களிடம் கேட்பதை ஒரு சடங்காக வைத்துக்கொள்ளக் கூடாது.

எல்லையை எழுதும் கட்டத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இருபது மீட்டர் ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோட்டினை எல்லையாக வைத்தால் அறிவியல் நோக்கில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் படகில் இருப்பவருக்கு அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது, வழக்கு வந்தால் நீதிமன்றத்திலும் நிற்காது. எனவே வாழிடத்தை உள்ளடக்கும்படி சில புள்ளிகளைத் தேர்ந்து, அவற்றை நேர்கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை அட்டவணையாகத் தர வேண்டும். அவை எந்தப் புவியளவை முறையில் எடுக்கப்பட்டவை என்பதையும் (இன்று பெரும்பாலும் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84) குறிப்பிட வேண்டும், ஏனெனில் பழைய கடல் வரைபடங்களின் அளவுகளை அப்படியே ஜி.பி.எஸ். கருவியில் இட்டால் எல்லை நூற்றுக்கணக்கான மீட்டர் வரை விலகக்கூடும். கரையோர எல்லை உயர் ஓதக் கோடா (கடல்நீர் ஏறும்போது எட்டும் கோடு), தாழ் ஓதக் கோடா (இறங்கும்போது நிற்கும் கோடு) என்பதையும், அறிவிப்பு நீர்ப்பரப்புக்கு மட்டுமா, கடல்தரைக்கும் அதன் அடிமண்ணுக்கும் சேர்த்தா என்பதையும் எழுதாமல் விட்டால், பின்னாளில் மணல் அள்ளுவோரும் குழாய் பதிப்போரும் அந்த இடைவெளி வழியாகவே நுழைவார்கள். இன்னொன்றும் உண்டு: இழுவலைப் படகு ஓடும்போது, ஆழத்தைப் போல மூன்று மடங்கு நீளத்துக்கும் கயிறு விடப்படுவதால், படகு எல்லைக்கு வெளியே இருக்கையில் வலை உள்ளே கிடக்கலாம். அந்த நீளத்தைக் கணக்கிட்டு, எல்லையைச் சுற்றி ஓர் இடைப்பட்டையும் விட வேண்டும்.

விதிகளை வகுக்கையில், எல்லாவற்றையும் தடுப்பதற்கும் எதையுமே தடுக்காமல் பெயர் மட்டும் சூட்டுவதற்கும் நடுவே மண்டலப் பிரிவு, அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு விதி வகுப்பது, உதவுகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டுக் கடற்பூங்கா 2004-இல் புதிதாக மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டபோது, மீன்பிடிக்க முற்றிலும் தடையுள்ள பரப்பு 5 விழுக்காட்டுக்கும் கீழிருந்து ஏறத்தாழ 33 விழுக்காடாக உயர்ந்தது. அந்தத் திட்டத்தின் மீது 31,000-க்கும் மேற்பட்ட கருத்துரைகள் பெறப்பட்டன. எல்லை இன்னும் பென்சில் கோடாக இருக்கும்போதே கருத்துக் கேட்க வேண்டும். அச்சான வரைபடத்தைக் காட்டிக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். பிலிப்பைன்சின் ஆப்போ தீவில் 1980-களில் தொடங்கிய சிறு காப்பிடம் இன்றும் பேசப்படுவதற்கு, அதை ஊர்மக்களே காவல் காத்தது முதன்மைக் காரணம். மாறாக, இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளைச் சுற்றி 2010-இல் பிரிட்டன் அறிவித்த பெரும் பரப்பு, மொரிசியசின் உரிமைகளை உரியவாறு மதிக்காததால் கடல் சட்ட உடன்படிக்கைக்கு முரணானது என 2015-இல் நடுவர் தீர்ப்பாயம் கூறியது.

சட்ட அதிகாரத்தையும் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். கரையோரக் கடல் 12 கடல்மைல், மீன் முதலிய கடல் வளங்கள் மீது நாட்டுக்குத் தனி உரிமையுள்ள தனிப்பொருளாதார மண்டலம் 200 கடல்மைல் என்பன நாட்டின் அதிகார வரம்புகள் என்றாலும், வெளிநாட்டுக் கப்பல்களின் போக்குவரத்தை அங்கும் தன்னிச்சையாகத் தடுக்க இயலாது. அதற்குச் சர்வதேசக் கடல்சார் அமைப்பை அணுக வேண்டும். நாடுகளின் எல்லைக்கு அப்பால் பன்னாட்டு ஒப்புதல் தேவை. அண்டார்டிக்காவின் ராஸ் கடலில் ஏறத்தாழ 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர் காக்கப்பட வேண்டும் என்ற முடிவு, பல ஆண்டுப் பேச்சுக்குப் பின் 2016-இல்தான் எட்டப்பட்டது. உள்நாட்டில், வரைவு அறிவிக்கை, ஆட்சேபனைக் காலம், ஆட்சேபனைகளுக்கு எழுத்துப்பூர்வ விடை, இறுதி அறிவிக்கை என்ற வரிசை பொதுவானது. இவற்றில் எழுத்துப்பூர்வ விடையைச் சுருக்கினால் வழக்கு நிச்சயம்.

அறிவிக்கை வெளியாகும் முன்பே அடிப்படை அளவீட்டை முடித்துவிட வேண்டும், அதுவும் எல்லைக்கு உள்ளே மட்டுமல்லாமல் வெளியே ஒப்பிடத்தக்க ஓரிடத்திலும். இல்லாவிட்டால் பிறகு மீன் பெருகினாலும் அது அறிவிப்பின் விளைவா, நல்ல பருவத்தின் விளைவா என்று சொல்ல முடியாது. மெக்சிகோவின் காபோ புல்மோ 1995-இல் தேசியப் பூங்காவானது. அங்கு 1999-க்கும் 2009-க்கும் இடையே மீன்களின் மொத்த எடை ஐந்து மடங்குக்கும் மேலாகியது என்று உறுதியாகக் கூற முடிவதற்கு இரு ஆண்டுகளிலும் எடுக்கப்பட்ட அளவீடுகளே காரணம். எல்லா இடமும் இத்தனை விரைவில் மீளாது. நியூசிலாந்தின் லீ கடற்கரையில் 1975-இல் அமைந்த காப்பகத்தில், பெருகிய மீன்களும் சிங்கி இறால்களும் பாசியை மேயும் கடல்முள்ளெலிகளைத் தின்று குறைத்து, அவை மொட்டையாக்கியிருந்த பாறைகளில் பெரும்பாசிக் காடு திரும்ப வளர்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே அறிவிக்கையிலேயே முதல் மீளாய்வு எந்த ஆண்டில், எந்த அளவீடுகளைக் கொண்டு, யாரால் செய்யப்படும் என்பதைக் குறித்துவைப்பதோடு, ரோந்துப் படகுக்கும் எல்லை மிதவைகளுக்கும் ஆண்டுச் செலவை எந்தத் துறை ஏற்கிறது என்பதையும் எழுதிவிட வேண்டும்.