ஆறு இலக்க எண்ணைக் கேட்டு மெசேஜ் வந்தால்

“அண்ணே, தெரியாம உங்க நம்பருக்கு ஒரு கோடு வந்துடுச்சு, கொஞ்சம் அனுப்புறீங்களா?” தெரிந்தவர் பெயரிலிருந்தே வாட்ஸ்அப்பில் இப்படி வரும். கேட்பது பெரும்பாலும் அவராக இருக்காது. அவருடைய கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். எஸ்எம்எஸ்ஸில் வந்த அந்த ஆறு இலக்க எண்ணைக் கொடுத்தால் உங்கள் வாட்ஸ்அப் இன்னொருவன் போனில் திறந்துகொள்ளும். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்த எஸ்எம்எஸ்ஸிலேயே இருக்கிறது, யார் படிக்கிறோம்!

கொடுத்துவிட்டீர்களா? சரி, உடனே உங்கள் போனில் அதே நம்பரைப் போட்டு மறுபடி பதிவு செய்யுங்கள். புதுக் கோடு உங்கள் சிம்முக்குத்தான் வரும். அதைப் போட்டதுமே அவன் வெளியேற்றப்படுவான். அவன் முந்திக்கொண்டு டூ-ஸ்டெப் பின் (கோடு போட்ட பிறகும் வாட்ஸ்அப் கேட்கும் இரண்டாவது ரகசிய எண்) வைத்திருந்தால்தான் தொல்லை: நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க வேண்டும். அப்போதும் அவனால் உள்ளே இருக்க முடியாது. கோடு வரவில்லை என்று பதற்றத்தில் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். காத்திருக்கும் நேரம்தான் கூடும்.

அதற்குள் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அவசரமாக ஐயாயிரம் வேண்டும் என்று உங்கள் பெயரில் கேட்டால், அத்தை யோசிக்காமல் ஜிபேயில் அனுப்பிவிடுவார். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

கணக்கு கைக்கு வந்ததும் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பகுதியைத் திறந்து, தெரியாத கணினி ஏதாவது இருந்தால் நீக்குங்கள். அப்புறம் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை நீங்களே போட்டுவிடுங்கள். பின் நம்பராகப் பிறந்த தேதி மட்டும் வேண்டாம்.