வெப்ஹூக் வைத்து வாடிக்கையாளர் சேவை பாட்: முதலில் 200, அப்புறம் வேலை

வாடிக்கையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் நாலைந்து கேள்விகளுக்குத் தானே பதில் சொல்லும், மற்றதை மனிதரிடம் ஒப்படைக்கும் பாட் (தானாக இயங்கும் நிரல்) ஒன்றை டெலிகிராமில் செய்தேன். செய்தி வந்ததும் டெலிகிராமே அதை நம் சர்வரின் முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடுதான் வெப்ஹூக். 200 என்பது ‘கிடைத்தது’ என்று சர்வர் திருப்பிச் சொல்லும் நிலை எண். நிரல் எழுத ஒரு மாலை போதுமாக இருந்தது. ஆனால் ஒரே ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். பைத்தான் கொஞ்சம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைப் பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

1. பாட்டைப் பதிவு செய்தல்

டெலிகிராமில் பாட்ஃபாதரை (பாட்களைப் பதிவு செய்யும் டெலிகிராமின் சொந்த பாட்) தேடி, நியூபாட் கட்டளை கொடுங்கள். பயனர்பெயர் ‘பாட்’ என்று முடிய வேண்டும். ஒரு டோக்கன், அதாவது பாட்டின் ரகசியச் சாவி, வரும். அது கையில் இருக்கிற யாரும் உங்கள் பாட்டாகப் பேசலாம் என்பதால் நிரலுக்குள் எழுதாமல் சூழல் மாறியில் வையுங்கள்.

2. சர்வர்

பைத்தானில் சர்வர் எழுத உதவும் ஃபிளாஸ்க் போதும். போஸ்ட் கோரிக்கையை வாங்கும் ஒரே ஒரு பாதை, அவ்வளவுதான். இழுத்துப் போட்டு பாட் கட்டும் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. முதல் நாள் சுலபமாக இருக்கும். பிழை வந்தால் எங்கே பார்ப்பது என்றே தெரியாது.

வெப்ஹூக் முகவரி எச்டிடிபிஎஸ் ஆகத்தான் இருக்க வேண்டும். போர்ட் 443, 80, 88, 8443 இவற்றில் ஒன்று. சொந்தக் கணினியில் சோதிக்க, அதை இணையத்திலிருந்து அடைய வழி தரும் கிளவுட்ஃபிளேர் டனல் எனக்குப் பிடித்தது, கணக்கு இல்லாமலே தற்காலிக முகவரி கிடைக்கும். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அந்த முகவரி மாறும், அதனால் அடுத்த படியையும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

3. வெப்ஹூக்கை இணைத்தல்

செட்வெப்ஹூக் அழைப்பில் மூன்று விஷயம் கொடுங்கள். ஒன்று, உங்கள் முகவரி. இரண்டு, சீக்ரெட் டோக்கன்: நீங்களே வைக்கும் ஒரு ரகசியச் சொல். ஒவ்வொரு கோரிக்கையின் ஹெடரிலும் அது திரும்ப வரும், வராவிட்டால் வந்தது டெலிகிராம் இல்லை என்று தள்ளிவிடலாம். மூன்று, அலவ்ட் அப்டேட்ஸ், அதாவது எந்த வகை அப்டேட்கள் வர வேண்டும் என்ற பட்டியல்: மெசேஜ், கால்பேக் குவெரி (பொத்தானை அழுத்தினால் வருவது) இரண்டை மட்டும் கேளுங்கள். இந்த மூன்றாவதை நான் முதலில் விட்டுவிட்டேன். ஏன் முக்கியம் என்று அடுத்த படியில் தெரியும்.

4. நான் மாட்டிக்கொண்ட இடம்

‘என் ஆர்டர் எங்கே?’ என்று ஒருவர் கேட்டார். பாட் சரியான பதிலைச் சொன்னது. சற்று நேரத்தில் அதே பதிலை மறுபடி சொன்னது. அப்புறம் இன்னொரு தடவை. அவரே பலமுறை கேட்கிறார் என்று நினைத்தேன். லாகைத் திறந்து பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே அப்டேட் ஐடி (ஒவ்வொரு அப்டேட்டுக்கும் டெலிகிராம் தரும் தனி எண்).

நடந்தது இதுதான். 2இல் தொடங்கும் நிலை எண் உங்கள் சர்வரிலிருந்து வந்தால்தான் செய்தி போய்ச் சேர்ந்தது என்று டெலிகிராம் எடுத்துக்கொள்ளும். வராவிட்டால் அதையே மீண்டும் அனுப்பும். என் நிரல் ஆர்டர் விவரத்தை வேறொரு சர்வரில் தேடி, பதிலையும் அனுப்பிவிட்டு, கடைசியில்தான் 200 சொன்னது. தேடல் இழுத்தடித்தபோதெல்லாம் டெலிகிராம் காத்திருந்து பார்த்துவிட்டு மறுபடி அனுப்பியிருக்கிறது.

இன்னொரு வடிவிலும் இதே கோளாறு வந்தது. ஒருவர் அனுப்பிய செய்தியைத் திருத்தினார். திருத்திய செய்தி ‘எடிட்டட் மெசேஜ்’ என்ற பெயரில் வரும், அதில் ‘மெசேஜ்’ என்ற புலமே இருக்காது. என் நிரல் அங்கே உடைந்து 500 (சர்வர் பிழை) சொல்ல, அதே செய்தி திரும்பத் திரும்ப வந்தது. அலவ்ட் அப்டேட்ஸ் கொடுத்திருந்தால் அது வந்தே இருக்காது.

தீர்வு: செய்தி வந்ததும் எஸ்க்யூலைட் (ஒரே கோப்பில் இருக்கும் சிறு தரவுத்தளம்) அட்டவணையில் போடுங்கள், உடனே 200 சொல்லுங்கள். அட்டவணையைப் படித்துப் பதில் அனுப்பும் வேலையைத் தனி நிரல் செய்யட்டும். அப்டேட் ஐடியை முதன்மைச் சாவியாக வைத்து ‘இன்சர்ட் ஆர் இக்னோர்’ என்று எழுதினால், இரண்டாம் தடவை வருவது தானாக விழுந்துவிடும். வரிசை முக்கியம்: சேமித்த பிறகே 200. முதலில் 200 சொல்லிவிட்டுச் சேமிப்பதற்குள் நிரல் விழுந்தால், அந்தச் செய்தி போனது போனதுதான். இந்த அளவுக்கு ரெடிஸ் போன்ற தனித் தரவுச் சர்வர் எல்லாம் வேண்டாம்.

சந்தேகம் வந்தால் கெட்வெப்ஹூக்இன்ஃபோவை அழையுங்கள். எத்தனை செய்தி தேங்கியிருக்கிறது, கடைசிப் பிழை என்ன என்று சொல்லும். இதை முதல் நாளே பார்த்திருந்தால் எனக்கு அந்த இரண்டு நாள் போயிருக்காது. தேங்கிய செய்திகளை டெலிகிராம் 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. பதில்கள்

முடிந்தவரை பொத்தான்கள் கொடுங்கள். பொத்தானை அழுத்தியதும் வரும் கால்பேக் குவெரிக்கு ஆன்சர்கால்பேக்குவெரி அனுப்ப மறந்தால், பொத்தானில் சுழலும் குறி நிற்காது.

தட்டச்சு செய்து கேட்பவர்களுக்காகச் சொல் தேடல் வைக்கும்போது தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ‘ஆர்டர்’ என்று தேடினால் ‘ஆர்டரை’, ‘ஆர்டருக்கு’ இரண்டும் சிக்காது, கடைசிப் புள்ளி இடிக்கும். புள்ளியை எடுத்துவிட்டு ‘ஆர்டர’ என்று தேடுங்கள், மூன்றும் சிக்கும். ‘பணம்’ ‘பணத்தை’ ஆகும் என்பதால் அங்கே ‘பண’ வரைதான் பொதுவான பகுதி. ஆனால் அது ‘பண்ண’ போன்ற வேறு பல சொற்களிலும் வரும், ஆகவே இப்படிச் சுருக்கும்போது சோதித்துப் பாருங்கள். தேடும் முன் உரையை என்எஃப்சி (யூனிகோடின் சீரான வடிவங்களில் ஒன்று) வடிவத்துக்கு மாற்றுவதும் அவசியம். ‘கொ’ போன்ற எழுத்தின் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகப் பிரிந்தும் வரலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறு வேறு.

6. மனிதரிடம் ஒப்படைத்தல்

புரியாத கேள்விக்குப் பாட் பதிலை ஊகிக்கவே கூடாது. கேள்வியைப் பணியாளர் குழுவுக்கு அனுப்பி, அந்தச் செய்தியின் எண்ணையும் கேட்டவரின் சாட் ஐடியையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். பணியாளர் அந்தச் செய்திக்கே ரிப்ளை செய்தால், பாட் அதை வாங்கி உரியவருக்கு அனுப்பலாம். பாட்டின் செய்திக்கு வரும் ரிப்ளை, குழுவின் எல்லாச் செய்தியும் பாட்டுக்கு வராத பிரைவசி மோடிலும் பாட்டுக்குக் கிடைக்கும்.

சேர்க்கை: பொத்தான் அனுப்பும்போது பிழை வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பொத்தானோடு அனுப்பும் தரவுக்கு 64 பைட் தான் வரம்பு. தமிழில் புள்ளியும் துணைக்குறியும் தனித்தனியே மூன்று பைட் எடுக்கும், எனவே 21 குறிக்கு மேல் தாங்காது. தரவில் எண் வையுங்கள், தமிழைப் பொத்தானின் மேல் எழுதுங்கள்.

இன்னொரு சேர்க்கை: பணியாளர் குழுவுக்குச் செய்தி போவது திடீரென்று நின்றுவிட்டதா? குழு சூப்பர்குரூப்பாக (டெலிகிராமின் பெரிய குழு வகை) மாறியிருக்கும், அப்போது அதன் ஐடியும் மாறிவிடும். பிழைச் செய்தியோடு வரும் ‘மைக்ரேட் டு சாட் ஐடி’ தான் புது ஐடி. அதை எடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள்.