கோப்பையைத்தான் 'வின்' பண்ணலாம், எதிரணியை இல்லை

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப் புதிதாக வருகிறவர்களின் தாளைத் திருத்தும்போதெல்லாம் 'வின்' வரும் இடத்தில் என் பேனா நின்றுவிடுகிறது. இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு. இறந்தகாலம் 'வின்டு' இல்லை, 'வன்' என்பது எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

யாரை வென்றோம், எதை வென்றோம்

'ஆஸ்திரேலியாவை வென்றது', 'கோப்பையை வென்றது' இரண்டும் நல்ல தமிழ். நம் 'வெல்' எதிரியையும் ஏற்கும், பரிசையும் ஏற்கும். இரண்டுக்கும் அதே 'ஐ' உருபுதான். அந்தப் பழக்கத்தில் 'இந்தியா வன் ஆஸ்திரேலியா' என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் போட்டி, போர், தேர்தல், பரிசு ஆகியவற்றைத்தான் 'வின்' செய்ய முடியும். எதிரிக்கு 'பீட்' அல்லது 'டிஃபீட்'. 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை 43 ரன்னில் 'பீட்' செய்தது, உலகக் கோப்பையை 'வின்' செய்தது.

ஆளுக்கு 'வின்' போட்டால் அவர் மனத்தை நம் பக்கம் திருப்பிவிட்டோம் என்று ஆகிவிடும். நாட்டுக்குப் போட்டால் அந்த நாடே நமக்குப் பரிசாகக் கிடைத்த மாதிரி.

ஒரு பள்ளியின் ஆண்டு மலரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். கபடிப் பக்கத்தில் ஏழு இடத்தில் 'வீ வன்' என்று போட்டு, பக்கத்திலேயே தோற்ற பள்ளியின் பெயர். அச்சாகி வந்த பிறகுதான் ஒரு ஆசிரியை காட்டினார். மறுபடி அச்சடித்த செலவு என் கூலியில் கழிந்தது. பணம் போனதுகூடப் பரவாயில்லை, பிள்ளைகள் மலருக்காக ஒரு வாரம் காத்திருந்ததை நினைத்தால் இன்றும் உறுத்துகிறது.

வேரைப் பார்த்திருந்தால் அன்றே புரிந்திருக்கும். பழைய ஆங்கிலத்தில் 'வின்னன்' என்றால் உழைத்தல், பாடுபடுதல், போரிடுதல். முன்னொட்டுச் சேர்ந்த 'யெவின்னன்' என்றால் பாடுபட்டு அடைதல். ஐஸ்லாந்து மொழியில் 'வின்னா' இன்றும் வேலை செய்வதைக் குறிக்கிறது. சுரங்கத்தில் நிலக்கரியை வெட்டி எடுப்பதற்கும் ஆங்கிலத்தில் 'வின்' உண்டு. பட்ட பாட்டுக்குக் கைக்கு என்ன வந்தது என்பதையே இந்தச் சொல் கேட்கிறது.

'விக்டரி'யும் இதே குடும்பமா

இல்லை. அது 'வின்கெரே' என்ற லத்தீன் வினையின் வழி வந்தது. வேர் வேறு.

'வென்' தான் 'வின்' ஆனதா

இதுவும் இல்லை. நம் வேர் 'வெல்'. 'வென்றான்' என்பதில் உள்ள ன், ல் திரிந்து வந்தது. ஆங்கிலத்தில் ன் வேரிலேயே இருக்கிறது. தமிழ்மேல் உள்ள அன்பில் சிலர் இப்படிச் சொல்கிறார்கள், எனக்கும் அந்த அன்பு உண்டு. ஆனாலும் மாணவர்களிடம் இதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

உச்சரிப்பு

'வோன்' வேண்டாம். ஆங்கிலத்தில் எண் ஒன்றுக்கு என்ன ஒலியோ அதே 'வன்'.

சம்பளம்

சம்பளத்துக்கு 'எர்ன்', லாட்டரிக்கு 'வின்'. குடும்பத்துக்குச் சம்பாதிப்பவரைப் 'பிரெட்வின்னர்' என்கிறார்களே என்றால், சரிதான், பாடுபடுதல் என்ற பழைய பொருள் அந்தச் சொல்லில் தங்கிவிட்டது.