ஆடம் ஸ்மித்தோட வகுப்புக் குறிப்புகள்: முதல் தடவையா படிக்கிறவங்க எங்க ஆரம்பிக்கிறது, எப்படிப் படிக்கிறது

எஸ்டிபிஎம்ல, அதாவது மலேசியாவுல யூனிவர்சிட்டிக்கு முன்னால எழுதுற பரீட்சையில, பொருளாதாரம் எடுத்த பிள்ளைங்களும் யூனிவர்சிட்டி முதல் வருஷப் பிள்ளைங்களும் ஆடம் ஸ்மித்னா குண்டூசித் தொழிற்சாலை, கண்ணுக்குத் தெரியாத கை (அவங்கவங்க தன் லாபத்தப் பார்த்தாலும் ஊருக்கும் நல்லது நடக்கும்ங்கிற கருத்து), அதோட நிறுத்திக்கிறாங்க. ஆனா அவர் 1776ல வெல்த் ஆஃப் நேஷன்ஸ் புத்தகத்த வெளியிடுறதுக்குப் பத்துப் பதிமூணு வருஷம் முன்னாலயே கிளாஸ்கோ யூனிவர்சிட்டியில அதுல உள்ள பல விஷயங்கள பசங்களுக்குப் பாடமா நடத்தியிருக்கார், அந்தப் பாடத்தக் கேட்டு எழுதின நோட்டு இன்னிக்கும் இருக்கு, அச்சுலயும் வந்திருக்கு, கோலாலம்பூர்ல நம்ம வீட்டுல உக்காந்தே ஒரு காசு கட்டாம படிக்கலாம். என் கருத்துல, பொருளாதாரம் படிக்கிற ஒருத்தர் அந்தப் பெரிய புத்தகத்துக்குள்ள போறதுக்கு முன்னால இந்த நோட்டுல ஒரு முப்பது பக்கமாவது படிச்சிடணும், ஏன்னா இங்க யோசனை இன்னும் இறுகாம சூடா இருக்கு.

எப்படிப் படிக்கிறதுன்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல, கையில இருக்கிறது யாரு எழுதினதுன்னு தெரிஞ்சுக்கோங்க

இது ஸ்மித் கையால எழுதினது இல்ல. அவர் 1790 ஜூலை 17ஆம் தேதி இறந்தார், அதுக்குச் சில நாள் முன்னால தன்னோட கையெழுத்துப் பிரதிகள எல்லாம் எரிச்சிடுங்கன்னு ஜோசப் பிளாக், ஜேம்ஸ் ஹட்டன்னு ரெண்டு நெருங்கின நண்பருங்ககிட்ட பிடிவாதமா கேட்டு எரிக்கவும் வெச்சிட்டார், ரெண்டு பேருமே பெரிய விஞ்ஞானிங்க, மனசில்லாமத்தான் செஞ்சிருப்பாங்க. அவர் விட்டுவெச்ச கொஞ்சம் கட்டுரைங்க மட்டும் 1795ல புத்தகமா வந்துச்சு. ஆக வகுப்புல அவர் என்ன பேசினார்னு நமக்குத் தெரியுறது பெரும்பாலும் மாணவருங்க எழுதி வெச்சதாலதான்.

சட்டம், அரசாங்கம், பொருளாதாரம் எல்லாம் கலந்த அந்தப் பாடத்துக்கு ரெண்டு நோட்டு கிடைச்சிருக்கு. ஒண்ணு இருக்குன்னு 1895ல ஒரு வக்கீல் மூலமா எட்வின் கேனன்ங்கிற பொருளாதாரப் பேராசிரியருக்குத் தெரிய வந்து, அவர் 1896ல அச்சுக்குக் கொண்டுவந்தார். இன்னொண்ண 1958ல ஜான் லோதியன் ஸ்காட்லாந்துல அபர்தீன் பக்கம் ஒரு பழைய வீட்டு லைப்ரரியிலிருந்து விலைக்கு வந்த புத்தகங்களோட கண்டுபிடிச்சார். ரெண்டையும் சேர்த்து 1978ல கிளாஸ்கோ பதிப்பா போட்டாங்க, லெக்சர்ஸ் ஆன் ஜூரிஸ்ப்ரூடன்ஸ் (சட்டவியல் பாடங்கள்)ங்கிற பேர்ல. மீக், ரஃபேல், ஸ்டைன்னு மூணு பேர் பதிப்பாசிரியருங்க.

கோப்ப இறக்கிக்கோங்க

லிபர்ட்டி ஃபண்ட்ங்கிற அமெரிக்க அமைப்பு அந்தப் பதிப்ப மலிவு விலையில மறுபடி போட்டாங்க, அவங்களோட ஆன்லைன் லைப்ரரி ஆஃப் லிபர்ட்டியில பிடிஎஃப் இலவசமாவே இருக்கு. தயவுசெஞ்சு ஹேண்ட்ஃபோன்ல படிக்காதீங்க, அடிக்குறிப்பு நிறைய, லேப்டாப்ல தொறங்க, பக்கத்துல ஒரு காகித நோட்டும் பேனாவும் வெச்சுக்கோங்க. புத்தகத்துல 1762-63 அறிக்கை (லோதியன் கண்டுபிடிச்ச நோட்டு), 1766 அறிக்கை (கேனன் அச்சாக்கின நோட்டு)ன்னு ரெண்டு பகுதி தனித்தனியா இருக்கும். அச்சுப் பக்க எண்ணு தவிர கையெழுத்துப் பிரதியோட பக்க எண்ணும் சேர்த்துப் போட்டிருப்பாங்க, அந்த ரெண்டாவது எண்ணத்தான் குறிச்சு வெக்கணும், எந்த மறுபதிப்புல தேடினாலும் அதே இடம் கிடைக்கும்.

ரெண்டுல எத முதல்ல படிக்கிறது

1766ஐ எடுங்க. சுத்தமான பிரதி, சுருக்கம், பாடம் முழுசும் அதுல இருக்கு. தலைப்புப் பக்கத்துல 1766ன்னு போட்டிருக்கு, ஆனா ஸ்மித் 1764 ஆரம்பத்துலயே கிளாஸ்கோவ விட்டு ஒரு இளம் பிரபுவுக்கு ஆசிரியரா ஃபிரான்ஸ் போயிட்டார், அதனால அது பிரதி எடுத்த வருஷம், பாடம் நடத்தின வருஷம் இல்ல. தேதியப் பார்த்ததும் நம்பாம, அந்த வருஷம் ஆசிரியர் எங்க இருந்தார்னு ஒரு தடவ சரிபார்க்கிற பழக்கம் இப்பவே வந்துடட்டும், எந்த ஆவணத்துக்கும் இது தேவைப்படும்.

1762-63 நோட்டு வேற மாதிரி. ஆறு சின்ன வால்யூம், பல பாடங்களுக்குத் தேதி போட்டிருக்கும், முதல் தேதி 1762 டிசம்பர் 24, வெள்ளிக்கிழமை. மாணவர் பெரும்பாலும் வலது பக்கத்துல மட்டும் எழுதி இடது பக்கத்த விட்டு வெச்சு, அப்புறமா ஞாபகம் வந்தத அங்க சேர்த்திருக்கார். ஆசிரியர் பேசின வாக்கியத்தையே பிடிக்கப் பார்க்கிறார், அதனால நீளமாவும் உயிரோடயும் இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும், ஆனா பாடம் முடியுறதுக்குள்ள நோட்டு நின்னுடுது. அதனால சட்டகத்துக்கு 1766, ஸ்மித்தோட குரலுக்கு 1762-63ன்னு வெச்சுக்கோங்க.

முதல் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்காதீங்க

முதல் பகுதி முழுக்க அரசாங்கம், சொத்து, கல்யாணம், அடிமைத்தனம், ரோமச் சட்டம்னு போகும், அருமையான விஷயம்தான், ஆனா புதுசா வர்றவங்க அங்கயே களைச்சுப் போயிடுவாங்க. நமக்கு வேண்டிய பொருளாதாரம் "போலீஸ்"ங்கிற தலைப்புக்குக் கீழ இருக்கு, அந்தக் காலத்துல ஊர்ச் சுத்தம், பாதுகாப்பு, சாமான் விலை மலிவா கிடைக்கிறது எல்லாத்தையும் அந்தப் பேர்லதான் வெச்சிருந்தாங்க. 1766 அறிக்கையில அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. 1762-63ல ஆறாவது வால்யூம், 1763 மார்ச் கடைசியில நடந்த பாடம்.

குண்டூசிய மூணு இடத்துல பாருங்க

இதுதான் முதல் பயிற்சி, இதுக்கு நேரம் ஒதுக்குங்க. நோட்டுல மூணு கட்டம் போடுங்க: 1762-63, 1766, 1776 புத்தகம். மூணுலயும் குண்டூசி வர்ற இடத்தத் தேடி எண்ணுங்கள அப்படியே எழுதிக்கோங்க.

1766 நோட்டுல என்ன இருக்குன்னா, குண்டூசிக்கு வேண்டியத எல்லாம் ஒருத்தரே முதல்லேர்ந்து செஞ்சா ஒரு ஊசிக்கு ஒரு வருஷமே ஆகும், கம்பி தயாரா கிடைச்சாக்கூட ஒரு நாளைக்கு 20 ஊசிக்கு மேல வராது, ஆனா வெட்ட ஒருத்தர், கூராக்க ஒருத்தர், தலை செய்ய ரெண்டு மூணு பேர்னு 18 பேருக்கு வேலையப் பிரிச்சா ஆளுக்கு 2,000 ஊசி சுலபமா செய்யலாம்.

இப்ப 1776 புத்தகத்தோட முதல் அத்தியாயத்தப் பாருங்க. அங்க 18 வேலை இருக்கு, ஆனா ஸ்மித் தானே பார்த்த சின்ன பட்டறையில 10 பேர்தான், சிலர் ரெண்டு மூணு வேலைய சேர்த்துச் செய்யுறாங்க. ஒரு நாளைக்கு 12 பவுண்டு எடை குண்டூசி வருது, நடுத்தர சைஸ்ல ஒரு பவுண்டுக்கு 4,000க்கு மேல, ஆக 48,000, பத்தால வகுத்தா ஆளுக்கு 4,800.

2,000 எப்படி 4,800 ஆச்சு? இந்தக் கேள்விக்காகத்தான் கட்டம் போடச் சொன்னேன். 18ங்கிற எண்ணு பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்துலயே இருக்கு, 1755ல வந்த தொகுதியில, வகுப்புல அந்தக் கணக்கோட நடத்தின ஆளு, புத்தகம் எழுதும்போது தன் கண்ணால பார்த்த பட்டறையையும் உள்ள கொண்டுவர்றார், எண்ணும் மாறுது ஆள் கணக்கும் மாறுது, ஆனா வாதம் மாறல. ஒரு பொருளாதார நிபுணர் தன்னோட உதாரணத்த எப்படித் தேய்ச்சுத் தேய்ச்சுக் கூராக்குறார்ங்கிறத இவ்வளவு தெளிவாப் பார்க்கிற வாய்ப்பு பாடப்புத்தகத்துல கிடைக்கவே கிடைக்காது.

இதே மாதிரி கசாப்புக்காரர், பீர் காய்ச்சுறவர் வர்ற இடத்தையும் தேடுங்க. அவங்ககிட்ட போய் என் கஷ்டத்தப் பாருங்கன்னு நாம கேட்கிறதில்ல, அவங்களுக்கு என்ன லாபம்னுதான் பேசுறோம்ங்கிற அந்தப் புகழ்பெற்ற வாதம் 1763லயே ஒரு மாணவரோட நோட்டுல உக்காந்திருக்கு.

காசுக் கணக்கு

நோட்டுல வர்றது பழைய பிரிட்டிஷ் காசு: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இத ரிங்கிட்டுக்கு மாத்தி பார்க்காதீங்க, ஒரு அர்த்தமும் வராது. அதே காலத்துக் கூலியோட வெச்சுப் பாருங்க. வெல்த் ஆஃப் நேஷன்ஸ்ல ஸ்மித்தே சொல்றார், சாதாரண வேலைக்கு லண்டன்ல நாள் கூலி 18 பென்ஸ், எடின்பரோவுல 10, ஸ்காட்லாந்து சமவெளியில பல இடத்துல 8. இந்த மூணு எண்ணையும் நோட்டோட முன் அட்டையில எழுதி வெச்சிடுங்க.

அதுக்கப்புறம் பிள்ளைங்களப் பத்தின பகுதி

1766 அறிக்கையில, வியாபாரம் மனுஷங்களோட பழக்கவழக்கத்த எப்படி மாத்துதுன்னு ஒரு பகுதி, முடிவ நெருங்குற இடத்துல வரும். இத அவசரமாப் படிக்காதீங்க. இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல ஆறு ஏழு வயசுப் பையன் ஒரு நாளைக்கு 3 பென்ஸ், இல்ல 6 பென்ஸ் சம்பாதிக்கலாம், அதனால பெத்தவங்க சீக்கிரமே வேலைக்கு அனுப்பிடுறாங்க, படிப்பு கெட்டுப்போகுதுன்னு ஸ்மித் சொல்றார். முன் அட்டையில எழுதினதப் பாருங்க: ஸ்காட்லாந்துல ஒரு பெரிய ஆளு வாங்குற நாள் கூலி 8 பென்ஸ், இங்க சின்னப் பையன் கையில 6 பென்ஸ். அந்த வீட்டுல அப்பா அம்மா ஏன் ஸ்கூலுக்கு அனுப்பலங்கிறதுக்கு வேற விளக்கம் எதுவும் வேணாம்.

நம்ம குடும்பங்கள்ல இத படிச்சா மனசு சும்மா இருக்காது. ரப்பர் தோட்டத்துல அம்மாகூடப் போய், பால் வடியுற மங்கு துடைச்சு, படிப்ப பாதியில விட்ட கதை நம்ம பாட்டி தாத்தா தலைமுறையில எத்தன வீட்டுல இருக்கு. ஸ்மித் அந்தப் பெத்தவங்கள திட்டல, வேலையத் துண்டு துண்டாப் பிரிச்சதோட விலைய யாரு கட்டுறாங்கன்னு காட்டுறார், படிப்பில்லாதது அவங்களோட பெரிய துரதிர்ஷ்டங்கள்ல ஒண்ணுன்னு சொல்றார். அங்கயே இன்னொரு வரியும் வரும், உலகத்துக்கே துணி உடுத்திவிடுறவங்க தாங்க கந்தலோட நிக்கிறாங்கன்னு. குண்டூசிய மட்டும் படிச்சிட்டு ஸ்மித் முதலாளி பக்கம்னு முடிவு கட்டுறவங்களுக்கு இந்தப் பக்கத்த நான் எப்பவும் காட்டுவேன்.

படிச்ச கையோட வெல்த் ஆஃப் நேஷன்ஸ் ஐந்தாம் பகுதியில கல்வி பத்தின இடத்துக்குப் போங்க. ஒரே சின்ன வேலைய வாழ்நாள் முழுக்க செய்யுற ஆளோட புத்தி மழுங்கிப் போகுது, அதனால சாதாரண மக்கள் படிக்க அரசாங்கம் செலவு பண்ணலாம்னு அங்க ஒரு முழு வாதமாவே வளர்ந்திருக்கும். 1762-63ல ஆறாவது வால்யூம்லயும் ஏழைத் தொழிலாளி சமுதாயத்தையே தோள்ல சுமக்கிறான்னு ஒரு பத்தி இருக்கு, அதையும் இந்தக் கட்டத்துல சேர்த்துக்கோங்க.

அசைன்மென்ட்ல எப்படி எழுதுறது

"ஸ்மித் எழுதினார்"னு போடாதீங்க. ஆசிரியர் பேசினார், மாணவர் கேட்டு எழுதினார், 1766 விஷயத்துல அத இன்னொருத்தர் அழகாப் பிரதி எடுத்திருக்கார், ஆக நம்ம கையில வர்றதுக்குள்ள வாக்கியம் மூணு கை மாறியிருக்கு. "1766 வகுப்புக் குறிப்பின்படி ஸ்மித் இப்படிச் சொன்னார்"னு எழுதுங்க, கையெழுத்துப் பிரதியோட பக்க எண்ணக் கொடுங்க. ஒரே கருத்து ரெண்டு நோட்டுலயும் வந்தா தைரியமா எழுதலாம், ரெண்டு மாணவரும் தனித்தனியா ஒரே மாதிரி தப்பாக் கேட்டிருக்க வாய்ப்பு கம்மி. ஒண்ணுல மட்டும் இருந்தா எந்த நோட்டுன்னு கட்டாயம் சொல்லிடுங்க. பர்மிங்ஹாம் பையன் 1766ல மட்டும்தான், மத்த நோட்டு அந்தப் பாடத்துக்கு வர்றதுக்குள்ளயே முடிஞ்சுடுது, அதனால இல்லாதத வெச்சு ஸ்மித் முந்தின வருஷம் அத சொல்லவே இல்லன்னு முடிவு பண்ணக்கூடாது.

ரெண்டு நோட்டோட ஒழுங்கும் வேற: 1762-63ல சொத்து முதல்ல வரும் அரசாங்கம் பின்னால, 1766ல தலைகீழ். ஒப்பிடும்போது பக்கத்துக்குப் பக்கம் வெக்காம தலைப்புக்குத் தலைப்பு வெச்சுக்கோங்க. லோதியன் கண்டுபிடிச்சதுலயே சொற்பொழிவுக் கலை பத்தின பாடமும் இருக்கு, 1963ல அச்சாச்சு, அது பரீட்சை முடிஞ்சப்புறம் படிச்சா போதும்.