பிளம்பரா, பிளமரா?

குழாய் ரிப்பேருக்கு வருகிறவரை நாம் ‘பிளம்பர்’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஆங்கில உச்சரிப்பு ‘பிளமர்’. எழுத்தில் ‘பி’ (b) உண்டு, வாயில் கிடையாது.

சொல்லின் கடைசியில் ‘எம்’முக்குப் பின்னால் ‘பி’ வந்தால் அது ஊமை. சீப்பு ‘கோம்’, கட்டைவிரல் ‘தம்’, கல்லறை ‘டூம்’, வெடிகுண்டு ‘பாம்’. இப்படிப்பட்ட சொற்களோடு ‘இஆர்’, ‘ஐஎன்ஜி’ ஒட்டினாலும் ஊமை ஊமைதான்: ஏறுகிறவர் ‘கிளைமர்’, தலை சீவுவது ‘கோமிங்’.

அப்படியானால் மெம்பர், டிம்பர்? கடைசி ‘இஆர்’ஐ வெட்டிப் பாருங்கள், மிஞ்சுவது தனிச்சொல் இல்லை. அதனால் ‘பி’ ஒலிக்கும். ‘நம்பர்’ மட்டும் வேடிக்கை: எண் என்றால் நம்பர், ‘இன்னும் மரத்துப்போன’ என்றால் நமர். எழுத்துக்கூட்டு ஒன்றே! ‘எல்இ’ வந்தால் கணக்கு மாறும்: ரொட்டித் துணுக்கு ‘கிரம்’, அது உதிர்வது ‘கிரம்பிள்’.

‘டி’க்கு (t) முன்னால் வரும் ஊமை ‘பி’யின் கதை வேறு. கடனுக்கான ‘டெட்’, சந்தேகத்துக்கான ‘டவுட்’ இரண்டும் பிரெஞ்சிலிருந்து ‘பி’ இல்லாமலே வந்தவை. லத்தீன் மூலத்தில் ‘பி’ இருக்கிறதே என்று பின்னாளில் படித்தவர்கள் எழுத்தில் மட்டும் செருகினார்கள். ‘டவுட்’டைச் சரியாகச் சொல்லும் நாம் ‘டெட்’டில்தான் ‘டெப்ட்’ என்று சறுக்குகிறோம். ரசீதுக்கான ‘ரிசீட்’டில் உள்ள ஊமை எழுத்து வேறு ‘பி’ (p); அதுவும் இப்படி நுழைந்ததே.

ஐயம் வந்தால் அகராதியில் சாய்கோடுகளுக்கு நடுவே இருக்கும் ஒலிக்குறியைப் பாருங்கள். அங்கே இல்லாத எழுத்தை உச்சரிக்க வேண்டாம்.