வளவு மரம் தறிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் அரிமரம், அதாவது பலகைக்கு அரியும் மரம் என்றால் பெரும்பாலும் வளவு மரந்தான். வேம்பு, தேக்கு, மலைவேம்பு, பனை, தென்னை. ஒரு மரந்தானே என்ற அசட்டையில்தான் நட்டம் தொடங்குகிறது. 1990களில் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மலேசியாவின் சபா காடுகளில் மரம் தறிப்பதை ஆராய்ந்தார்கள். கொடிகளை முன்கூட்டியே அறுத்து, மரம் விழும் திசையையும் குற்றி இழுக்கும் பாதையையும் முதலே குறித்துத் தறித்த இடங்களில் மற்ற மரங்களுக்கு வந்த சேதம் வழமையான தறிப்பைவிட மிகக் குறைவு. நமது வளவில் கொடி இல்லை. மின்கம்பியும் கிணற்றுக்கட்டும் பக்கத்து வீட்டு வேலியும் இருக்கின்றன. அந்த முன்திட்டம் இங்கும் வேண்டும்.

பெரிய நட்டம் அளவில்தான். நிற்கிற மரத்தைக் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக விலைபேசுவது வியாபாரிக்கே லாபம். குற்றியின் நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை நாலால் பிரித்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தை அடியில் பெருக்கி, 144 ஆல் பிரித்தால் கன அடி வரும். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 10 கன அடி. அதே குற்றியின் உண்மைக் கன அளவு ஏறக்குறைய 12.7 கன அடி. அரியும்போது போகிற கழிவுக்கு இந்தக் கணக்கே இடம் விட்டிருக்கிறது. அதற்கு மேலும் 'கழிவு' என்று ஒருவர் குறைத்தால் இரண்டு தரம் கழிக்கிறார் என்று அர்த்தம். பட்டையையும் கவனியுங்கள். பட்டை நீக்கிய சுற்றளவு 45 அங்குலமானால் கணக்கு 8.8 கன அடிக்கு இறங்கிவிடும். பட்டையோடா, பட்டை நீக்கியா என்பதைத் தறிக்கமுன் பேசி முடிக்கவேண்டும்.

குனிய அலுப்புப்பட்டு இடுப்பளவில் அறுப்பது அடுத்தது. மேலே சொன்ன பருமனில் ஒரு அடி உயரம் ஒரு கன அடி மரம். இரண்டடிக் கட்டையை விட்டால் இரண்டு கன அடி, அதுவும் மரத்தின் மிகத் தடித்த பகுதி, விறகாகப் போகிறது. நிலத்தோடு ஒட்டித் தறித்தால் வேம்பும் தேக்கும் திரும்பத் துளிர்க்கும்போது தளிர்கள் அடியிலிருந்தே வரும், காற்றுக்கு முறியாது. ஒரு நல்ல தளிரை வைத்து மற்றவற்றை நறுக்கிவிடலாம்.

அறுவையில் ஒழுங்கு முக்கியம். 15 அங்குல விட்டமுள்ள மரத்துக்கு, விழவேண்டிய பக்கத்தில் 3 முதல் 4 அங்குல ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுக்கவேண்டும். பின்பக்க அறுவை அதைவிட ஒன்று, இரண்டு அங்குலம் உயரமாக வரவேண்டும். நடுவில் ஒன்றரை அங்குலம் அறுக்காமல் விடப்படும் மரந்தான் கதவின் பிணைச்சலைப்போல மரத்தைத் திருப்பி விழுத்துகிறது. அதையும் அறுத்துவிட்டால் மரம் தன் எண்ணத்துக்கு விழும். முன்பக்கம் சாய்ந்த மரத்தில் முன்வெட்டு ஆழமில்லாமல் பின்னால் அறுத்தால், அடிமரம் நெடுக்காகப் பிளந்து மேலெழும். ஆளும் போகலாம், பலகையும் போகும். தறிப்பவர் ஒதுங்கும் வழி பின்பக்கம் மூலைவாட்டில் இருக்கவேண்டும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் நிற்கவேண்டும். சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தறிப்பதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். மாசி, பங்குனி நல்லது. மாரியில் செந்நிலத்தில் உழவு இயந்திரம் இறங்கினால் தடம் ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

வேலியில் நின்ற பூவரசு, வேம்பில் முள்ளுக்கம்பியும் ஆணியும் உள்ளே புதைந்திருக்கும். போர் நடந்த இடங்களில் செல் சிதறலும் இருக்கும். கறுத்த கறை, தழும்பு, குமிழ் உள்ள இடங்களைச் சாயத்தால் குறித்து, உலோகம் காட்டும் கருவியால் தடவிப் பார்த்த பிறகே மரக்காலைக்கு ஏற்றுங்கள். வாளின் பல் உடைந்தால் அந்தச் செலவு உங்கள் கணக்கில்தான் விழும்.

பனையைத் தேக்கைப்போலச் சதுரித்து எடுப்பது நம்மூரில் அடிக்கடி நடக்கும் வீண்செலவு. தேக்கின் வயிரம், அதாவது உறுதியான மரம், உள்ளே. வெளியே உறுதி குறைந்த வெளிறு. பனையிலோ வயிரம் வெளிவளையத்தில், நடுவே மெத்தென்ற சோற்றி. வெளிப்புறத்தைச் சீவித் தள்ளிவிட்டு நடுவைக் கூரையின் சாய்வுச் சட்டமான கைமரமாக்கினால் கூரை தாங்காது. நெடுக்காகப் பிளந்து, வெளிவளையத்தில் கைமரமும், அதன் மேல் குறுக்கே அடிக்கும் சிலாகையும் எடுக்கவேண்டும். அடிப்பாகம் கனத்த வேலைக்கு, நுனி இலேசான வேலைக்கு. பெண்பனை, பலா, ஈரப்பலா ஆகியவற்றைத் தறிக்க 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி அனுமதி வேண்டும். ஏற்றிச்செல்லும் அனுமதிப்பத்திரம் பற்றியும் பிரதேச செயலகத்தில் முதலே கேளுங்கள்.

துண்டு போடும்போது தேவையான நீளத்துக்கு மேல் 3, 4 அங்குலம் விடுங்கள். ஏழடி நிலைக்கால் வேண்டிய இடத்தில் லொறிக்கு வசதியென்று எல்லாவற்றையும் எட்டடியாக அறுப்பவர்கள் உண்டு. வளைவுள்ள மரத்தை வளைவிலேயே வெட்டினால் இரண்டு நேர்க்குற்றி கிடைக்கும். வெட்டிய அன்றே முனைகளுக்கு மெழுகோ பழைய பெயின்ரோ பூசாவிட்டால் வெயிலில் வெடித்து, விட்ட மிச்சமும் அதற்கே போய்விடும். அரிந்த பலகையை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, ஒரு அங்குலத் தடிகளை இரண்டடிக்கு ஒன்றாக, மேலும் கீழும் ஒரே நேர்க்கோட்டில் வைத்து நிழலில் அடுக்கவேண்டும். தடிகள் மாறி மாறி இருந்தால் பலகை அந்த வளைவிலேயே காயும், பிறகு நிமிர்த்த முடியாது.

பல மரங்கள் உள்ளவர்கள் நேரான, பருத்த தேக்கை முதலில் விற்று, கோணலை வளர விடுகிறார்கள். சுற்றளவு கூடக்கூடக் கன அடி விலையும் கூடும் என்பதால் இது இரட்டை நட்டம். கோணல், நோயுற்றது, நெருக்குவது ஆகியவற்றை முதலில் எடுங்கள். நல்லது இன்னும் பருக்கட்டும்.