பழைய ட்யூப்லைட் பட்டியிலேயே எல்இடி ட்யூப் மாட்டுகிறீர்களா? சோக்கைக் கழற்றுங்கள்

40 வாட் ட்யூப்லைட், செம்புச் சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும். 20 வாட் எல்இடி போட்டால், தினம் 5 மணி நேரம் எரிந்தாலும் இரண்டு மாதத்தில் ஒரு விளக்குக்கே சுமார் 9 யூனிட் மிச்சம்.

மாட்டும்முன் மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பாருங்கள். சோக், ஸ்டார்ட்டர் இரண்டையும் எடுத்துவிடுங்கள். சோக்கை அப்படியே விட்டால் அது வீணாகச் சூடாகும். ட்யூபுக்குள் எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் சர்க்யூட்டும் சீக்கிரம் போகலாம். அடுத்து ட்யூபின் மேல் அச்சிட்ட வயரிங் படத்தைப் பாருங்கள். சிலவற்றில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே முனையில், சிலவற்றில் முனைக்கு ஒன்று. ஒரு முனை வயரிங்கில் மற்ற வகையை மாட்டினால் ஷார்ட் ஆகலாம். இதில்தான் பலரும் தவறுகிறார்கள். சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிந்தால், சுவிட்ச் ஃபேஸ் வயரில் இல்லாமல் நியூட்ரல் வயரில் இருக்கிறதா என்று பாருங்கள். அது ஷாக் அடிக்கும் ஆபத்து, உடனே ஃபேஸுக்கு மாற்ற வேண்டும்.

வாட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை நட்சத்திரங்களால் காட்டும் ஸ்டார் லேபிள் விதியை, விலை ஏற்றும் வேலை என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. வாட்டை மட்டும் பார்த்து வாங்கினால் வெளிச்சத்தில் ஏமாறுவோம். 20 வாட்டுக்கு 2000 லூமனாவது (லூமன் என்பது வெளிச்சத்தின் அளவு) இருக்கட்டும்.